பாயை விரித்த கழி: கலவரலாற்றில் நாம் கேட்காத கேள்வி

திருப்பதி மாவட்டத்துக்குக் கடற்கரை உண்டு என்பதை நம்மில் பலர் நினைவிற்கொள்வதில்லை. 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டத்திலிருந்து அது பிரிக்கப்பட்டபோது, நெல்லூரைச் சேர்ந்திருந்த சூளூர்ப்பேட்டை, தடா, ஸ்ரீஹரிகோட்டாப் பகுதிகளும் அதனுடன் இணைந்தன. பழவேற்காட்டு ஏரியின் கணிசமான பகுதியும் உடன் வந்தது. ஆழம் குறைந்த அந்த உப்பங்கழி பாய்மரப் படகுகளுக்குப் பெயர் பெற்றது.

பழவேற்காட்டைப் பற்றி எழுதும்போது, 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்திரியாக் கோட்டையில் தொடங்கித் துணி வணிகத்தில் முடிப்பது நம் வழக்கம். காற்றின் முன் பாயை எப்படி நிறுத்தினார்கள் என்று கேட்பதில்லை.

காற்று பின்புறமிருந்து வீசும்போது, பெரிய பாயின் மறைவில் சிக்கும் முன்பாய் காற்றின்றித் துவண்டுவிடும். அதை எதிர்ப்பக்கம் கொண்டுசென்று, அதன் மூலையைப் படகுக்கு வெளியே தள்ளிப் பிடிக்க ஒரு கழி வேண்டும். இன்றைய பந்தயப் படகுகளில் ஸ்பின்னேக்கர் என்னும் பாய்க்கு இடப்படும் கழி இதுவே. அதன் ஒரு முனை பாய்மரத்திலுள்ள வளையத்தில் மாட்டப்படும். மறுமுனை பாயின் காற்றுப்பக்க மூலையிலுள்ள கயிற்றைப் பற்றிக்கொள்ளும். மேலிருந்து ஒரு கயிறு கழியைத் தாங்கும். கீழிருந்து மற்றொன்று அது எழும்பாமல் இழுத்துப்பிடிக்கும். படகு திசை மாறினால் கழியும் பக்கம் மாற வேண்டும்.

ஸ்பின்னேக்கர் என்ற பெயர் 1860களின் ஆங்கிலப் படகுப் பந்தயங்களையொட்டி வழங்கத் தொடங்கியது. ஆனால் பாயின் மூலையைக் கழியால் விரிப்பது அதனினும் மிகப் பழையது. வடகடலின் வைக்கிங் கலங்களில் ‘பெய்தாஸ்’ என்னும் கழி இருந்தது. இலங்கையின் ‘ஒருவ’ என்னும் புறமிதவைப் படகிலோ பாயே இரண்டு கழிகளுக்கிடையில் விரிக்கப்படுகிறது.

இவ்வொற்றுமையைக் கண்டதும், ‘இதுவும் இங்கிருந்தே சென்றது’ என்று எழுதிவிடும் ஆர்வம் சமூக ஊடகங்களில் மிகுதி. ஆய்வு மாணவர்கள் இங்கே நின்று நிதானிக்க வேண்டும். பெய்தாஸ், காற்றை எதிர்த்துச் சாய்வாகச் செல்லும்போது பாயின் முன்விளிம்பை விறைப்பாக நிறுத்தியது. ஒருவப் படகின் கழி பாயின் மேல்மூலையைத் தாங்குவது. பாய் விரிந்திருக்கும்வரை அதுவும் இருக்கும். ஸ்பின்னேக்கர் கழி கீழ்மூலைக்குரியது. பெரும்பாலும் காற்றோடு செல்லும்போது மட்டும் மாட்டப்படுவது. தோற்றம் ஒத்திருக்கிறது, தொழில் வேறுபடுகிறது. ஒரே காற்று, ஒரே இடர்ப்பாடு. ஆகவே வெவ்வேறு கரைகளில் அண்மையான விடைகள் தோன்றியிருக்கலாம். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததெனச் சொல்ல, இடைப்பட்ட வடிவங்களோ கடன்சொற்களோ காலவரிசையோ சான்றாக வேண்டும். பெருமிதம் சான்றாகாது.

சான்று ஏன் அரிதாக இருக்கிறது என்பதும் எண்ணத்தக்கது. சோழமண்டலக் கரையில் கிடைத்த சாதவாகனர் ஈயக் காசுகளில் இரு பாய்மரக் கலம் பொறிக்கப்பட்டுள்ளது; அச்சிறு வட்டத்தில் கழற்றி மாட்டும் கழியைத் தேடுவது வீண். மூங்கில் மண்ணில் மக்கிவிடும். சென்னை மாகாண மீன்வளத்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். அத்தகைய களப்பதிவுகள் இன்றும் போதிய அளவில் இல்லை.

பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான், பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல் என்று அகராதி சொல்லும். திடீரென வாடை திரும்பினால் எந்தக் கயிற்றை முதலில் தளர்த்துவது என்பதை அகராதி சொல்லாது. அது பாய்விரித்துப் பழகிய முதியவர்களின் கைகளில் இருக்கிறது. இயந்திரப் படகுகளோடு வளர்ந்த தலைமுறைக்கு அந்தப் பழக்கம் வாய்ப்பதில்லை.

ஆகவே திருப்பதியிலும் சித்தூரிலும் வரலாறு பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்வெட்டுப் படிகளோடு ஒருநாள் ஏரிக்கரைக்கும் செல்லுங்கள். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் அக்கரையில், ஒவ்வொரு கயிற்றின் பெயரையும் அதைக் கையாளும் முறையையும் இரு மொழியிலும் குறித்துக்கொள்ளுங்கள். யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்ற வாதத்தை அதற்குப் பின் தொடங்கலாம்.