அகஸ்தீஸ்வரத்திலிருந்து ஒரு யூகம்

நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரிகளில் பி.எஸ்சி. கணிதம் படித்தவர்களிடம் "கிராஃப் தியரி" என்று சொன்னால் முதலில் ஞாபகத்துக்கு வருவது கோனிக்ஸ்பெர்க் ஏழு பாலங்கள்தான். ஆய்லர், பாலம், ஐந்து மார்க் கேள்வி... அதோடு முடிந்தது கதை. அதே பாடத்தில் உலகம் முழுவதும் பேசப்படுகிற, இன்றுவரை யாரும் நிரூபிக்கவோ உடைக்கவோ முடியாத ஒரு யூகம், கன்னியாகுமரிக்குப் பக்கத்து ஊரான அகஸ்தீஸ்வரத்தின் விவேகானந்தா கல்லூரியிலிருந்து போனது என்பது நம் பக்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த யூகத்தைச் சொன்னவர் எஸ். ராமச்சந்திரன், அந்தக் கல்லூரியின் கணிதத் துறை ஆசிரியர். எஸ். ஆறுமுகத்துடன் சேர்ந்து அவர் எழுதிய "இன்விடேஷன் டு கிராஃப் தியரி" புத்தகத்தைப் பல பேர் பரீட்சைக்குப் புரட்டியிருப்பார்கள். அட்டையில் இருக்கும் பெயரை யார் கவனிக்கிறார்கள்!

கதை அகஸ்தீஸ்வரத்தில் தொடங்கவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. போலந்திலிருந்து வந்த ஸ்டானிஸ்லாவ் உலாம் அங்கே பேராசிரியர். (பின்னாளில் அணுகுண்டு ஆராய்ச்சிக்குப் போனவர், கம்ப்யூட்டரில் இன்று எல்லாரும் பயன்படுத்தும் மான்டே கார்லோ முறையை உருவாக்கியவர்களில் ஒருவர், எல்லாம் இவர்தான்.) அவரிடம் பி.எச்டி. செய்த பால் கெல்லி 1942-ல் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். எளிமையாகச் சொன்னால் இப்படி.

சில புள்ளிகள், சில ஜோடிகளுக்கு இடையே கோடுகள். அதுதான் கிராஃப். புள்ளிகளுக்குப் பெயர் கிடையாது. இப்போது ஒரு புள்ளியையும் அதைத் தொடும் கோடுகளையும் அழித்துவிட்டு, மிச்சத்தை ஓர் அட்டையில் வரைந்து வையுங்கள். அடுத்து வேறொரு புள்ளியை அழித்து இன்னொரு அட்டை. பத்துப் புள்ளி இருந்தால் பத்து அட்டை. அட்டைகளைக் கலைத்து உங்கள் நண்பர் கையில் கொடுத்துவிட்டு, அசல் படத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு அவரால் அசலைத் திரும்ப வரைய முடியுமா?

மூன்று புள்ளிகளாவது இருந்தால் எப்போதும் முடியும் என்பதுதான் கெல்லி–உலாம் யூகம். மறுகட்டமைப்பு யூகம் என்றும் சொல்லலாம். இரண்டு புள்ளி என்றால் முடியாது: நடுவில் கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அட்டையில் வெறும் ஒற்றைப் புள்ளிதான் மிஞ்சும்.

சொல்லும்போது ரொம்பச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? கெல்லி 1957-ல் "மரங்கள்" எனப்படும் சுற்றில்லாத கிராஃப்களுக்கு இதை நிரூபித்தார். 1964-ல் ஃபிராங்க் ஹராரி அதை அட்டைக்கட்டு மொழியில் சொல்லிப் பிரபலமாக்கினார். எல்லாக் கிராஃப்களுக்கும் சேர்த்து இன்னும் நிரூபணம் இல்லை.

ஆனால் அட்டைகளிலிருந்து சில தகவல்கள் இலவசமாகவே கிடைத்துவிடும். இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ராமச்சந்திரனின் வேலை முழுக்க இங்கேதான் இருக்கிறது. ஐங்கோணத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து புள்ளி, ஐந்து கோடு. எந்தப் புள்ளியை அழித்தாலும் மூன்று கோடுள்ள ஒரு நேர்ச் சங்கிலி மிஞ்சும். ஐந்து அட்டையிலும் சேர்த்து 15 கோடு. ஒவ்வொரு கோடும் அதன் இரு முனைகளை அழித்த இரண்டு அட்டைகளில் மட்டும் காணாமல் போய், மீதி மூன்றில் இருக்கும். ஆக 15-ஐ 3-ஆல் வகுத்தால் அசலில் 5 கோடு. அட்டையில் 3. அப்படியானால் அழிந்த புள்ளியைத் தொட்டுக்கொண்டிருந்தவை 2. ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு கோடு என்று தெரிந்துவிட்டதால், காணாமல் போன புள்ளியைச் சங்கிலியின் இரண்டு முனைகளோடும் இணைப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. ஐங்கோணம் திரும்ப வந்துவிட்டது!

அதாவது எந்த அட்டையை எடுத்தாலும், அதில் அழிக்கப்பட்ட புள்ளிக்கு எத்தனை கோடு இருந்தது என்பதை யாரும் சொல்லாமலே கணக்குப் போட்டுவிடலாம்.

இனி கோடுகளுக்குப் பதில் அம்புகளைப் போடுவோம். ஒருவழிப் பாதை மாதிரி. இதற்குத் திசைக் கிராஃப் என்று பெயர். இதிலும் அட்டைகளை வைத்து அசலைக் கண்டுபிடித்துவிடலாம், மிகச் சிறிய சில விதிவிலக்குகள் போக, என்று 1964-ல் ஹராரி யூகத்தை விரித்தார். அடுத்த பன்னிரண்டு வருடத்தில் அதற்குச் சாதகமாகக் கட்டுரை மேல் கட்டுரை வந்தது. 1970-ல் பைனிக்கேவும் பார்க்கரும் ஐந்து, ஆறு புள்ளிகளில் இந்த யூகத்துக்கு அடங்காத ஜோடிகளைக் காட்டினார்கள். "சின்னதில் அப்படித்தான் இருக்கும், பெரிதானால் சரியாகிவிடும்" என்று ஆறுதல் சொல்ல அப்போதும் இடம் இருந்தது.

1977-ல் அமெரிக்கக் கணிதவியலாளர் பால் ஸ்டாக்மேயர் அந்த ஆறுதலையும் துடைத்துவிட்டார். 5, 9, 17, 33... என்றும் 6, 10, 18, 34... என்றும் முடிவில்லாமல் போகும் அளவுகளில், அட்டைகள் அத்தனையும் ஒன்றாக இருந்தும் அசலில் வேறான ஜோடிகளைக் கட்டிக் காட்டினார். திசைக் கிராஃப் யூகம் செத்துப்போனது. கெல்லி–உலாமின் மூல யூகமே தப்பாக இருக்குமோ என்ற சந்தேகமும் கூடவே கிளம்பியது. நிரூபிக்க உழைப்பது போலவே அதை உடைக்கவும் முயற்சிக்க வேண்டும் என்று ஸ்டாக்மேயரே எழுதினார்.

ராமச்சந்திரன் உள்ளே வருவது இந்த இடத்தில்தான். இணையம் இல்லாத காலம். ஆராய்ச்சி நிறுவனம் இல்லை, பட்டப்படிப்பு நடத்தும் ஊர்க் கல்லூரி. அங்கே இருந்துகொண்டு அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: அம்புகள் வந்தவுடன் எதை இழந்தோம்?

ஒரு கபடிப் போட்டியை வைத்துப் பார்க்கலாம். அகஸ்தீஸ்வரம், கொட்டாரம், சுசீந்திரம் என்று மூன்று அணிகள். எல்லாரும் எல்லாரோடும் ஒருமுறை ஆடுகிறார்கள். ஒரு வருடம் அகஸ்தீஸ்வரம் கொட்டாரத்தை வென்றது, கொட்டாரம் சுசீந்திரத்தை வென்றது, சுசீந்திரம் அகஸ்தீஸ்வரத்தை வென்றது. சுற்றிச் சுற்றி வருகிறது. மறு வருடம் அகஸ்தீஸ்வரம் இருவரையும் வென்றது, கொட்டாரம் சுசீந்திரத்தை வென்றது. பெயர்களை அழித்து, ஓர் அணியையும் நீக்குங்கள். இரண்டு வருடத்திலும் எந்த அணியை நீக்கினாலும் மிஞ்சுவது ஒரு ஆட்டம்: ஒருவர் வென்றார், ஒருவர் தோற்றார். மூன்று அட்டையும் ஒன்றே. இரண்டு வருடத்தையும் பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

கோடுகள் என்றால் நீக்கிய புள்ளியின் கணக்கு இலவசமாகக் கிடைத்தது அல்லவா? இங்கே நீக்கிய அணி மொத்தம் 2 ஆட்டம் ஆடியது என்பது மட்டும் தெரியும். அதில் வெற்றி எத்தனை, தோல்வி எத்தனை என்று அட்டை சொல்லாது. சரி, அதை அட்டையின் ஓரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால்? முதல் வருடம் மூன்று அட்டையிலும் "1 வெற்றி, 1 தோல்வி". இரண்டாம் வருடம் 2–0, 1–1, 0–2. பிரிந்துவிட்டது!

1979-ல் ராமச்சந்திரன் முன்வைத்த "புதிய திசைக் கிராஃப் மறுகட்டமைப்பு யூகம்" இவ்வளவுதான். ஒவ்வோர் அட்டையோடும், நீக்கிய புள்ளியிலிருந்து வெளியே போன அம்புகளின் எண்ணிக்கையையும் உள்ளே வந்தவற்றின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கொடுத்தால் எந்தத் திசைக் கிராஃபையும் திரும்பக் கட்டிவிடலாம். இரண்டே இரண்டு எண்கள்.

பார்ப்பதற்கு இது சமரசம் மாதிரி தெரியும். தோற்ற யூகத்துக்குக் கொஞ்சம் கூடுதல் தகவலைக் கொடுத்து எழுப்பி உட்கார வைத்தது போல. அப்படி நினைத்தால் தப்பு. ஒவ்வொரு கோட்டையும் "போக ஓர் அம்பு, வர ஓர் அம்பு" என்று எழுதினால் சாதாரணக் கிராஃபும் திசைக் கிராஃப்தான். அங்கே அந்த இரண்டு எண்களும் முன்பு பார்த்தபடி தானாகவே கிடைத்துவிடும், எந்தச் சலுகையும் தேவையில்லை. ஆகவே ராமச்சந்திரனின் யூகத்தை யாராவது நிரூபித்தால் கெல்லி–உலாம் யூகமும் அதே நிமிடத்தில் நிரூபணமாகிவிடும். உலாமின் யூகத்தைவிட வலுவானது, ஸ்டாக்மேயர் உடைத்ததைவிட மெலிந்தது. இரண்டுக்கும் நடுவில் அப்படியொரு இடம் இருக்கிறது என்று கண்டதே பெரிய விஷயம்.

1981-ல் இது ஜர்னல் ஆஃப் காம்பினேட்டோரியல் தியரியில் கட்டுரையாக வந்தது. துறையில் முதல் வரிசைப் பத்திரிகை. 1983-ல் டிஸ்க்ரீட் மேத்தமேட்டிக்ஸில் இன்னொன்று. ஸ்டாக்மேயர் முதலானோர் காட்டிய எதிர் உதாரணங்கள் ஒன்றுவிடாமல் புதிய யூகத்துக்கு அடங்குகின்றன. பழைய யூகத்தைக் கொன்ற அதே ஆயுதங்கள் புதியதன் மேல் வேலை செய்யவில்லை.

இதே வட்டாரத்திலிருந்து கிளம்பிய இன்னொரு கணித மேதையையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. செங்கோட்டைப் பக்கம் பிறந்து, நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்த எஸ்.எஸ். பிள்ளை. எண் கோட்பாட்டில் வாரிங் பிரச்சினைக்குப் பெயர் போனவர். அண்ணாமலை, திருவனந்தபுரம், கல்கத்தா என்று போய், 1950-ல் அமெரிக்கா செல்லும் வழியில் எகிப்தில் விமான விபத்தில் இறந்தார். கணிதம் செய்ய வேண்டுமானால் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்ற எண்ணம் நம் ஊரில் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அகஸ்தீஸ்வரத்துக் கட்டுரைகளின் தலைப்பில் இருக்கும் முகவரி அதற்குப் பதில்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தென் மாவட்டங்களில் கிராஃப் தியரி ஆராய்ச்சி என்றால் பெரும்பாலும் "லேபிளிங்". புள்ளிகளுக்குப் புதுவிதமாக எண் கொடுப்பது, அதற்கு ஒரு புதுப் பெயர் வைப்பது, நான்கைந்து கிராஃப் வகைகளுக்குச் சரி பார்ப்பது, கட்டுரை தயார். அதில் நல்ல வேலையே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் புதிய பெயர் வைப்பதற்கும், ஒரு பழைய கேள்வி எங்கே உடைந்தது என்று தேடிப்போய் சரியாக அந்த இடத்தில் கைவைப்பதற்கும் தூரம் அதிகம்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. இரண்டு படங்கள் ஒன்றா வேறா என்று கண்டுபிடிக்கும் "நாட்டி" என்ற புரோகிராமை எழுதிய ஆஸ்திரேலியாவின் பிரெண்டன் மெக்கே, 11 புள்ளிகள் வரை கெல்லி–உலாம் யூகம் சரி என்று 1997-ல் காட்டினார். 11 புள்ளிக் கிராஃப்கள் மட்டுமே 101 கோடிக்கு மேல்! 2022-ல் அதை 13 வரை கொண்டுபோனார். 13 புள்ளிகளுக்கு ஏறத்தாழ 50 லட்சம் கோடி. இருந்தும் இது நிரூபணம் ஆகாது, 14-ல் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? புரோகிராம் பின்னால் ஓடி வர, முன்னால் வழி திறப்பது மனிதர்தான். ராமச்சந்திரன் எஸ். மோனிகண்டனுடன் சேர்ந்து 2009-ல் வெளியிட்ட கட்டுரை அந்த ரகம். எல்லாக் கிராஃப்களையும் பார்க்கத் தேவையில்லை, புள்ளிகளுக்கு இடையே தூரம் மிகக் குறைவாக உள்ள ஒரு குறிப்பிட்ட வகைக்கு நிரூபித்தாலே போதும் என்று அது சுருக்கிக் கொடுத்தது.

அந்த இரண்டு எண்களின் பயணம் அங்கேயும் நிற்கவில்லை. அட்டையோடு எண்ணையும் கொடுத்தால், எல்லா அட்டையும் வேண்டாம், குறைந்தபட்சம் எத்தனை இருந்தால் போதும் என்று 2000-ல் ராமச்சந்திரன் கேட்டார். 2010-ல் மைக்கேல் பாரஸும் டக்ளஸ் வெஸ்ட்டும் (நம் எம்.எஸ்சி. பாடப் பட்டியலில் வருகிற அதே வெஸ்ட்) அதை எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய எல்லாக் கிராஃப்களுக்கும் இரண்டு அட்டை போதும் என்று நிரூபித்தார்கள்.

1979 யூகத்துக்கு இதுவரை ஓர் எதிர் உதாரணம்கூட அகப்படவில்லை. புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள் ஒரு மாலையில் விளையாடிப் பார்க்கலாம். ஐந்து அணிகள் எல்லாரும் எல்லாரோடும் ஆடினால் முடிவுகள் 1024 விதம். பெயரை அழித்தால் அவை வெறும் 12 வகை. பன்னிரண்டுக்கும் அட்டைக்கட்டுகளைத் தயார் செய்து ஒப்பிடுங்கள், கட்டு ஒன்றாகவும் அசல் வேறாகவும் உள்ள ஜோடி சிக்கும். பிறகு ஒவ்வோர் அட்டைக்குப் பக்கத்திலும், நீக்கிய அணியின் வெற்றி எண்ணிக்கையை அச்சிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.