தீமையின் தன்னழிவு: அகுஸ்தீனாரின் கோட்பாடும் அதற்கு நேர்ந்த சோதனையும்

நல்லவராகிய இறைவன் படைத்த உலகில் தீமை எங்கிருந்து தோன்றியது? இவ்வினாவுக்குக் கிறிஸ்தவச் சிந்தனையாளர் கூறிய விடைகளுள் நீண்டகாலச் செல்வாக்குப் பெற்றது வட ஆபிரிக்காவைச் சேர்ந்த அகுஸ்தீனார் (354 - 430) அளித்த விடையாகும்.

இளமையில் அவர் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மானிக்கேய சமயத்தைச் சார்ந்திருந்தார். 3ஆம் நூற்றாண்டிற் பாரசீகப் பேரரசில் மானி என்பார் தோற்றுவித்த அச்சமயம், ஒளியும் இருளும் என்றுமுள்ள இரு முதற்பொருள்கள் எனக் கொண்டது. தான் இழைத்த பாவத்துக்குத் தன்னுள் உறையும் இருளே பொறுப்பென்று ஒருவன் ஆறுதல் கொள்ள இக்கொள்கை இடமளித்தது. அவ்வாறுதல் பொய்யானது என்பதைப் பின்னர் உணர்ந்த அகுஸ்தீனார், புதுப்பிளேட்டோனிய நூல்களின் துணையுடன் வேறொரு முடிவை அடைந்தார். 387இல் மிலான் நகரில் திருமுழுக்கும் பெற்றார்.

தீமை தனியொரு பொருளன்று. நன்மையின் குறைபாடே அது என்பது அவரது முடிவு. நோய் உடலைப் பற்றியே நிலைக்கின்றது; உடல் மாயின் நோயும் மாயும். அவ்வாறே நன்மை முற்றாக அழியுமிடத்துத் தீமைக்கும் இருப்பில்லை. தனக்கு ஆதாரமானதையே அரித்துண்பதால் தீமை தன்னைத் தானே அழிக்கின்றது.

410இல் விசிகோத்தியர் உரோமை நகரைச் சூறையாடினர். பழைய தெய்வங்களைக் கைவிட்டமையே இதற்குக் காரணமெனப் பலர் கிறிஸ்தவரைப் பழித்தனர். 413 முதல் 426 வரை எழுதிய ‘இறைவனின் நகரம்’ என்னும் நூலில் அகுஸ்தீனார் இதற்கு மறுமொழி கூறினார். பிற மக்களை ஆள விழையும் நகரம் அவ்வாட்சி வெறிக்கே அடிமையாகின்றது என்பது அவர் வாதம். கொள்ளைக் கூட்டமும் தன்னுள் ஓர் ஒழுங்கைப் பேணியே நிலைக்கவேண்டியுள்ளது என்றும் அவர் சுட்டினார்.

இக்கோட்பாடு அவர் வாழ்விலேயே சோதனைக்குள்ளாயிற்று. 303இல் தொடங்கிய வேதகலாபனையின்போது திருநூல்களை அதிகாரிகளிடம் கையளித்தோரின் வழிவந்த ஆயர்களை ஏற்க மறுத்துத் தொனாத்தியர் பிரிந்திருந்தனர். அவர்களைச் சொல்லால் மட்டுமே திருப்பவேண்டும் என முதலில் எண்ணிய அகுஸ்தீனார், காலப்போக்கில் அரச வற்புறுத்தலை ஆதரிக்கலானார். தீமை நோயெனின் வன்மருந்தும் தகும் என்பது அவர் கொண்ட நியாயம். பிற்காலத்தில் மாற்றுக் கருத்தினரை ஒடுக்கியோர்க்கும் இந்நியாயமே சான்றாயிற்று. எனினும், குற்றவாளிகளைக் கொல்லவேண்டாமென அவர் அதிகாரிகளை வேண்டியமையும் இங்கு நோக்கற்பாலது. நோயை நீக்கப் புகுந்தவன் நோயாளியை மாய்த்தல் கூடாதன்றோ?

430இல் வந்தாலர் தமது நகராகிய ஹிப்போவை முற்றுகையிட்டிருந்த வேளையில் அவர் மறைந்தார். தீமை தானே அழியும் என்பது கைகட்டிக் காத்திருப்பதற்கு உரிய ஆறுதலன்று. தான் பற்றிநின்ற நன்மையையும் உடனழித்தே அது அழிகின்றது. ஆதலின் எஞ்சிநிற்கும் நன்மையைக் காத்தலே மனிதர் கடன். தீமையை ஒழிக்க எடுத்த கருவியே நன்மையை அரிக்கத் தொடங்குகின்றதா என விழிப்பாயிருத்தலும் அக்கடனுள் அடங்கும். அகுஸ்தீனாரின் சிந்தனையோடு அவரது தடுமாற்றமும் நமக்கு உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.