இருட்டில் சுடலாமா? ஒரு சட்டத்தின் கதை



போன வாரம் ஒரு மாணவன் தான் பார்த்த வீடியோ ஒன்றைப் பற்றிச் சொன்னான். கும்மிருட்டு. துப்பாக்கியில் பூட்டிய கருவிக்குள் காட்டு மிருகம் வெள்ளையாக மின்னுகிறது. சுடுபவரை அது காணவே இல்லை. "சேர், இப்பிடிச் சுட சட்டம் விடுமா?" என்று கேட்டான். வரலாறு படிப்பிக்கிற நாங்கள் வரலாற்றிலிருந்தே பதில் சொன்னோம். உங்களோடும் பகிர்கிறோம்.

இரவு வேட்டையைத் தடுத்த பழைய சட்டங்களில் பேர்போனது பிரித்தானியாவின் 1828ஆம் ஆண்டுச் சட்டம். அது மிருகத்தின் மேல் இரக்கப்பட்டு வந்ததல்ல. அன்று அங்கே வேட்டை நிலச்சுவான்தார்களின் உரிமை. பசிக்காக இரவில் முயல் பிடித்த ஏழைக்கு முதல் தடவை மூன்று மாதம் வரை கடூழியச் சிறை. மூன்றாம் தடவை என்றால் ஏழு வருடம் கடல் கடந்து நாடுகடத்தலாம்.

அதே காலத்தில் இலங்கையில் என்ன நடந்தது? மேஜர் ரொஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1,400 யானைகள் வரை சுட்டுக் கொன்றதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவரை எந்தச் சட்டமும் தொடவில்லை. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கித்தான் இறந்தார். அங்கே ஒரு முயலுக்குச் சிறை, இங்கே யானைக் கூட்டத்துக்கே கேள்வி இல்லை. சட்டம் யாருக்காக எழுதப்படுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் எங்களிடம் இல்லை.

இருட்டில் பார்க்கும் கருவி காட்டுக்காகப் பிறந்ததல்ல, போருக்காகப் பிறந்தது. 1945இல் ஜேர்மனியரும் அமெரிக்கரும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கைத் துப்பாக்கியில் பூட்டி எதிரியைத் தேடினார்கள். பிறகு வந்த வெப்பக் கருவிக்கு விளக்கே தேவையில்லை. உடம்பின் சூடே காட்டிக் கொடுத்துவிடும்.

அந்தக் கருவிகள் வேட்டைக்காரர் கைக்கு வந்தபோதுதான் சட்டம் மிருகத்தின் பக்கம் நின்று பேசியது. 1979இல் ஐரோப்பிய நாடுகள் சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரில் ஓர் உடன்படிக்கை செய்தன. பாதுகாக்கப்பட்ட மிருகங்களைக் கொல்லப் பாவிக்கக் கூடாதவை என்று ஒரு பட்டியல் அதில் உண்டு. நஞ்சு, வெடி ஆகியவற்றோடு, இலக்கை வெளிச்சமாக்கும் கருவியும் இரவில் குறி பார்க்கும் மின்னணுக் கருவியும் அதில் இருக்கின்றன. பகலில் மனிதனுக்குப் பயந்து ஒதுங்கும் மிருகத்துக்கு இருட்டுத்தான் மிச்சமிருக்கும் வேலி. அதையும் பிடுங்கினால் தப்ப வழி ஏது?

விதிவிலக்கும் இருக்கிறது. காட்டுப்பன்றி பயிரை அழிப்பதும் பன்றிக் காய்ச்சல் பயமும் சேர்ந்ததால், ஜேர்மனி 2020இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியது. வேட்டை உரிமம் உள்ளவர்கள் இரவுக் கருவியை வைத்திருக்கலாம் என்றது. ஆனால் துப்பாக்கியில் அகச்சிவப்பு விளக்குப் பூட்டுவதற்கு இடமில்லை.

எங்கள் நாட்டில் 1937இல் வந்த விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மானையும் மரையையும் பகலில் சுட்டாலும் குற்றம்தான். அப்படியிருக்க, இரவுக் கருவியைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது?

பன்றியால் படும் கஷ்டம் வயல் செய்கிற எல்லோருக்கும் தெரியும். அதற்கு வனஜீவராசிகள் திணைக்களத்திடம் ஆலோசனை கேட்கலாம்.

கடைசியாக அந்த மாணவனிடம் ஒன்று கேட்டோம். "வெப்பக் கருவியில் சூடான எதுவும் வெளிச்சமாகத்தான் தெரியும். வயல் வாடியில் உன் வாப்பா காவலுக்குப் படுத்திருந்தால்?"

அவன் பேசவில்லை. அவனுடைய வாப்பா அன்றிரவும் காவலுக்குப் போகிறவர்.