துப்பாக்கியும் அதன் அடைமொழிகளும்

சேலம், நாமக்கல் சமவெளிகளிலும் அவற்றைச் சூழ்ந்த மலையடிவாரங்களிலும் துப்பாக்கி என்னும் சொல் தனித்து வழங்குவது அபூர்வம். லைசன்ஸ் துப்பாக்கி என்றோ, நாட்டுத் துப்பாக்கி என்றோ, கள்ளத் துப்பாக்கி என்றோ ஓர் அடைமொழியைத் துணைகொண்டே அது ஜனங்களின் வாயில் நடமாடுகிறது. இவை மூன்றும் மூன்று வேறு பொருள்கள் என்று வெளியூரான் ஒருவன் எண்ணக்கூடும். உண்மையில், ஒரே குழலும் ஒரே கட்டையும் ஒரே குதிரையும் உடைய ஒரு துப்பாக்கி, ஒரு வீட்டின் ஒரே பரணில் கிடந்தபடியே, இரண்டு தலைமுறைக்குள் இம்மூன்று பெயரையும் பெற்றுவிடுவதுண்டு. பெயர்ச்சொல் தூரதேசத்திலிருந்து வந்தது; அடைமொழிகளோ இங்கே, தாலுகா கச்சேரியிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் பிறந்தவை. பழைய வேட்டைத் துப்பாக்கிகளின் குடும்ப விருத்தாந்தங்களைத் தேடப் புகுவோர் இரும்பையே உற்றுப் பார்க்கிறார்கள். அடைமொழியைப் பார்த்தால் அதிகம் கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் பெயர்ச்சொல்லைக் கவனிப்போம். துப்பாக்கியைத் துப்பு, ஆக்கி என்று பிரித்துச் சுத்தத் தமிழாகக் காட்டிவிடும் சாமர்த்தியசாலிகள் நம்மிடையே என்றும் உண்டு. குண்டைத் துப்புவதால் வந்த பெயர் என்பார் ஒருவர். துப்பு என்றால் வலிமை, அதை ஆக்குவது துப்பாக்கி என்பார் மற்றொருவர். வான்சிறப்பின் இரண்டாம் குறளிலேயே இந்த எழுத்துக்கோவை அப்படியே கிடக்கிறதே என்று மடக்குவார் மூன்றாமவர். அக்குறளில் வள்ளுவர் பேசுவது மழை உணவை ஆக்கித் தருவதைப் பற்றியே அன்றி வேறில்லை. குருவி சுடுகிறவனுக்கு அங்கே இடமில்லை.

குருவி சுடுகிறவனுக்கு இடம் இருப்பது வேறொரு நூலில். பதினோராம் நூற்றாண்டில் பாக்தாது நகரில் இருந்துகொண்டு துருக்கிய மொழிகளுக்கு அரபியில் ஓர் அகராதி செய்த மஹ்மூத் அல்-காஷ்கரி என்னும் பண்டிதர், துவெக் என்றொரு சொல்லைப் பதிவு செய்திருக்கிறார். பச்சைக் கிளையின் பட்டையைக் குழாய்போல் உரித்தெடுத்து, அதில் உருண்டையை வைத்து ஊதிச் சிட்டுக்குருவிகளை அடிக்கும் கருவிக்கு அது பெயர். நெருப்புக்கும் வெடிமருந்துக்கும் அதனோடு அப்போது யாதொரு சம்பந்தமும் இல்லை. ஊதும்போது எழும் ஓசையே அச்சொல்லாயிற்று என்று கருதுவோரும் உண்டு. பட்டைக் குழாயின் இடத்தில் இரும்புக் குழலும், ஊதும் மூச்சின் இடத்தில் கந்தகப் புகையும் வந்தபோது, துருக்கியர் அந்தப் பழைய பெயரையே புதிய கருவிக்குச் சூட்டித் துஃபெக் என்றார்கள். பாரசீகர் துஃபங் என்றார்கள். 1526-ஆம் வருஷம் பானிப்பட்டில் வென்ற பாபர் தம் சுயசரிதையில் அதையே எழுதினார்.

குருவி இவ்வாறு துப்பாக்கியின் பெயருக்குள் நுழைந்தது துருக்கியில் மட்டும் நிகழ்ந்த விநோதமன்று. ஐரோப்பியரின் மஸ்கெட் என்னும் சொல், குருவி பிடிக்கும் ஒரு சிறு வல்லூறுக்கு இத்தாலியில் வழங்கிய பெயரிலிருந்து கிளைத்தது. அரபியரும் ஹிந்தி பேசுவோரும் வழங்கும் பந்தூக் என்பதோ, கொட்டை ஒன்றின் பெயர் முதலில் உருண்டைக்கும், பிறகு உருண்டையை எறியும் கருவிக்கும் ஆகி வந்தது. தமிழ் இந்தக் கொட்டையை ஏற்கவில்லை, குழாயையே ஏற்றது.

எவ்வழியாக ஏற்றது என்பதற்கு அண்டைவீட்டார் சாட்சி. தெலுங்கிலும் கன்னடத்திலும் துபாகி, மராட்டியில் துபக், மலையாளத்தில் தோக்கு. 1520-இல் கிருஷ்ணதேவராயர் ராய்ச்சூர்க் கோட்டையை முற்றுகையிட்டபோது போர்த்துக்கீசியத் துப்பாக்கிக்காரர் அவருக்குத் துணைநின்று மதில்மேல் நின்றவர்களைச் சுட்டு வீழ்த்தியதாக வரலாறு கூறும். தக்காணத்து சுல்தான்களும் விஜயநகரத்தாரும் மோதிய அந்த உலைக்களத்தில் வழங்கிய சொல், நாயக்கர் காலத்துப் படைகளோடு தெற்கே இறங்கியிருக்க வேண்டும் என்பதை நம் சொல்லின் இகர ஈறே காட்டிக் கொடுக்கிறது. தெலுங்கும் கன்னடமும் இன்றளவும் வீட்டுமொழியாய் விளங்கும் குடிகள் நிறைந்த சேலத்தில் இதற்கு வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை. ஈழத்துத் தமிழரோ அதைத் துவக்கு என்று ஆக்கிக்கொண்டார்கள். சிங்களத்திலும் அது துவக்குவ. மருந்தை இடித்துத் திணிப்பதால் இடியன் துவக்கு என்றும், பன்றி வரும் தடத்தில் கட்டி வைப்பதால் கட்டுத்துவக்கு என்றும் அவர்கள் வைத்த பெயர்கள், நம் நாட்டுத் துப்பாக்கி என்னும் பொதுப்பெயரைக் காட்டிலும் லட்சணமானவை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

உறுப்புகளின் பெயர்களிலும் சரித்திரம் ஒளிந்திருக்கிறது. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் ஏறத்தாழ 75, 15, 10 என்னும் வீதத்தில் கூடிய கலவையை நாம் மருந்து என்கிறோம். தெலுங்கில் மந்து, மராட்டியில் தாரூ, அது பாரசீகத்தில் ஔஷதத்தையே குறித்த சொல், கலவையை முதலில் கண்ட சீனரோ நெருப்பு மருந்து என்றனர். உயிரை வாங்குவதற்கு இத்தனை தேசத்தாரும் வைத்தியன் வீட்டுச் சொல்லையே எடுத்தாண்டது தற்செயல் அன்று. சாகாமருந்து தேடிய ரசவாதிகளின் கலுவத்தில் தோன்றியதல்லவா அது? சுத்தியலைக் குதிரை என்பது ஹிந்திக்கும் தமிழுக்கும் பொது. ஈயச் சிறுமணிகளுக்கு உப்புமாவின் ரவை பெயர் தந்தது. தோட்டா ஹிந்துஸ்தானியிலிருந்து வந்து, இவ்வூர்க் கல்குவாரிகளின் வெடிக்கும் பெயராகி நிலைத்தது. ஈயம் கிடைக்காத காலத்தில் பேரிங்கிலிருந்து உதிர்த்த எஃகு மணிகளைப் போட்டுச் சுடுவோர் அவற்றைப் பால்ரஸ் என்பர். லாரிகள் நிறைந்த ஜில்லாவுக்குப் பொருத்தமான குண்டுதான். பன்னிரண்டு போர் என்பதில் உள்ள போர் யுத்தமன்று, குழலின் துளை. ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகள் ஆக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அவ்வளவு துளை என்று பொருள். திருச்செங்கோட்டில் மட்டும் போர் என்றால் ஆழ்குழாய்க் கிணறு என்று கொள்ளவும்.

குருவியை நாம் இன்னும் விட்டுவிடவில்லை. சிக்கிமுக்கிக்கல் பொறியால் சுடும் துப்பாக்கியில், குண்டு புறப்படுமுன் குழலோரக் கிண்ணத்து மருந்து பளிச்சிட்டு எரிய, அதைக் கண்டு பறவைகள் பறந்துவிடுவதைச் சகியாத ஸ்காத்லாந்துப் பாதிரியார் ஒருவர், அலெக்சாண்டர் ஃபோர்ஸைத் என்பவர், அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தைக் கொண்டு அந்தப் பளிச்சிடலை ஒழித்து 1807-இல் பதிவுரிமை பெற்றார். நம் நாட்டுத் துப்பாக்கியில் குதிரைக்கடியில் செருகும் சிறு செப்புத் தொப்பி அந்த யோசனையின் சந்ததி. அத்துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வாயால் கௌதாரியைப் போலவும் காடையைப் போலவும் கூவியபடி, அறுவடை முடிந்த சேலத்துப் புன்செய்க் காடுகளில் அதிகாலையில் நடந்து வந்தவர்கள் நரிக்குறவர்கள். குருவிக்காரர் என்பதும் அவர்களுக்குப் பெயர். வாக்ரிபோலி என்னும் வடநாட்டுக் கிளைமொழி பேசும் அந்த ஜனங்களின் கையில், சிட்டுக்குருவிக்காகப் பிறந்த சொல்லும் பறவைக்காகத் திருந்திய கருவியும் சேர்ந்தன. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-ஆம் வருஷத்துத் திருத்தமும் காடை கௌதாரியையும் காவலுக்குள் கொண்டுவந்துவிட்டன; அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டமோ 2023 ஜனவரியில்தான் ஒப்புதல் பெற்றது. வேட்டையை விட்டு ஊசிமணி பாசிமணிக்கு ஒரு சமூகம் முழுவதும் மாறியதற்கும் அதன் குறை தீர்ந்ததற்கும் இடையே முப்பது வருஷம் கடந்தது. இதை நியாயம் என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை.

இனி அடைமொழிகள். வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் வரும்வரை துப்பாக்கிக்கு லைசன்ஸ் என்னும் முன்னொட்டு அவ்வளவாக அவசியப்படவில்லை. சேலம் சீமையோ துப்பாக்கிக்குப் பழகிய சீமை. 1792 வரை திப்புவின் ஆட்சியில் இருந்து, ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கும்பினியார் கைக்கு வந்து, முதல் கலெக்டராகவே ஒரு ராணுவ அதிகாரியை, அலெக்சாண்டர் ரீட் துரையைப் பெற்ற சீமை அது. பிறகு நிலங்களை மிட்டா என்னும் சிறு ஜமீன்களாக ஏலமிட்டபோது தோன்றிய மிட்டாதார்களின் வீடுகளிலேயே வேட்டைத் துப்பாக்கி ஓர் அந்தஸ்தாக நிலைபெற்றது. குதிரை, பல்லக்கு, துப்பாக்கி என்ற வரிசையில் முதலிரண்டும் போய் மூன்றாவது மட்டும் தங்கியது.

அவ்வீடுகளில் சொல்லப்படும் கதை பெரும்பாலும் ஒன்றே. ஏற்காட்டுத் தோட்டத் துரையோ ஜில்லாக் கலெக்டரோ வேட்டைக்கு வந்தபோது பாட்டனாரின் குறிபார்க்கும் திறமையை மெச்சித் தம் துப்பாக்கியையே கொடுத்துவிட்டுப் போனார் என்பார்கள். ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் இட்டு அதைச் சுவரோரம் சார்த்தி வைத்திருக்கும் வேளையில் அக்கதையை மறுப்பது நாகரிகமாகாது. ஆனால் குழலின் அடிப்புறத்துக்கு நாகரிகம் தெரியாது. பர்மிங்காமில் 1813 முதல் நடந்துவரும் பரீட்சைச் சாலையின் முத்திரை அங்கே இருந்தால் துரை கதைக்கு ஓரளவு இடமுண்டு. முட்டை வடிவக் கோட்டுக்குள் இ.எல்.ஜி. என்னும் மூன்றெழுத்து இருந்தாலோ, அது பெல்ஜிய தேசத்து லியேஜ் நகரில் உலகச் சந்தைக்கென்று மலிவாய்ச் செய்து அனுப்பியவற்றில் ஒன்றாய் இருத்தல் கூடும், சென்னையில் பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகளில் கடிகாரம் வாங்கப் போனவர்கள் துப்பாக்கியும் வாங்கி வந்த காலம் அது. நிலக்கடலை விற்ற பணத்தில் பாட்டனார் தாமே விலைகொடுத்து வாங்கினார் என்பது துரை கொடுத்தார் என்பதைவிடக் கௌரவமான செய்தி என்று எனக்குப் படுகிறது. வம்சத்தார் ஏனோ அதை விரும்புவதில்லை.

லைசன்ஸ் என்பது அக்காலத்தில் அடிமைத்தனத்தின் அடையாளமாகவும் எண்ணப்பட்டது. 1930 ஜனவரியில் காந்தியடிகள் அரசாங்கத்தின் முன் வைத்த பதினொரு கோரிக்கைகளில், தற்காப்புக்கான துப்பாக்கி உரிமம் ஜனங்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு வழங்கப்பட வேண்டும் என்பதும் ஒன்று. அதே வருஷம் சேலத்து ராஜாஜி உப்புச் சத்தியாக்கிரகத்துக்காக வேதாரண்யத்துக்கு நடந்தார். போலீஸ் உத்தியோகஸ்தரின் மகனான நாமக்கல் ராமலிங்கம் பிள்ளை அந்த நடைக்குப் பாட்டுக் கட்டினார். ஆயுதமில்லாப் போரை நடத்திய காந்தியடிகளே ஆயுத உரிமத்தையும் கேட்டதில் முரண் எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஏந்தாமலிருப்பதற்கு முதலில் ஏந்தும் உரிமை இருந்தாக வேண்டும். குடகர்களுக்கு அவ்வுரிமை அப்போதே இருந்தது, இன்றும் இருக்கிறது, நமக்கு வாய்க்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் வந்த 1959-ஆம் வருஷத்துச் சட்டம், வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்புக்கென்று கேட்பவருக்குத் தனிச்சலுகை காட்டியது. குச்சிக்கிழங்குக் காட்டிலும் கடலைக் காட்டிலும் இரவில் பரண்மேல் உட்கார்ந்து பன்றி விரட்டுவோர்க்கு அது அனுகூலமாயிற்று. அதில் பாதி வெடிகள் குண்டில்லாமல் வெறும் மருந்து போட்டு ஓசைக்காக வெடித்தவையே. சமவெளியில் இவ்வாறு காகிதம் ஏறியது. கொல்லிமலை, கல்வராயன்மலை, பச்சைமலை ஆகிய மேட்டு நிலங்களில் கொல்லன் உலையில் பிறந்த நாட்டுத் துப்பாக்கிகள் பல காகிதம் ஏறாமலே நின்றன. ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை ஊடுருவ எய்தானென்று சங்கப் புலவரால் புகழப்பட்ட வல்வில் ஓரிக்கு ஆடி மாதந்தோறும் அரசாங்கமே விழா எடுக்கும் மலையில், உரிமமில்லாத துப்பாக்கிகளைத் தாமே ஒப்படைப்போர்மீது வழக்கில்லை என்று போலீஸாரும் அவ்வப்போது அறிவிக்க வேண்டியிருக்கிறது. அறிவித்தபின் சில துப்பாக்கிகள் ஊர்ப் பொதுவிடத்தில், கொண்டுவந்தவர் பெயரில்லாமல், விடிவதற்குள் வந்து கிடக்கும்.

கள்ளத் துப்பாக்கி என்னும் பெயர் மலைக்கே உரியதென்று கொள்ளலாகாது. மிட்டாதார் வீட்டுத் துப்பாக்கியும் அப்பெயரைப் பெறுவது மிகச் சுலபம். உரிமம் ஆளுக்கே அன்றி இரும்புக்கு அன்று. பெரியவர் கண்மூடிய அன்றே அவர் லைசன்ஸும் கண்மூடுகிறது. கருமாதி முடித்து, சொத்துப் பேசி, பங்காளிகளோடு பிணங்கி ஓய்ந்த பிள்ளைகள் பரணில் கிடப்பதை நினைக்கும்போது, அது சட்டத்தின் கண்ணில் எப்போதோ கள்ளத் துப்பாக்கியாகிவிட்டிருக்கும். தேர்தல்தோறும் ஸ்டேஷனில் ஒப்படைத்து, ரசீது வாங்கி, வாக்கு எண்ணியபின் துருவோடு மீட்டுவந்த குடும்பங்களுக்கே இந்தக் காகித ஒழுங்கு பழக்கமாயிருக்கிறது. சேலம் ஜில்லா என்று முத்திரையிட்ட பழைய உரிமப் புத்தகத்தின்மேல், 1997-க்குப் பின் நாமக்கல் மாவட்டம் என்று மறு முத்திரை விழுந்தது. பின்னாளில் கணினியின் தனி அடையாள எண்ணும் ஏறியது. துப்பாக்கி மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

2016-ஆம் வருஷத்து விதிகளின்படி, உரிமதாரர் எழுபது வயதை எட்டினாலோ இருபத்தைந்து வருஷம் வைத்திருந்தாலோ, உயிரோடிருக்கும்போதே வாரிசு ஒருவர் பெயருக்கு உரிமம் கேட்க வழியுண்டு. 2019-ஆம் வருஷத்துத் திருத்தம், பரம்பரைச் சொத்தே ஆனாலும் ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியது. வாரிசு விண்ணப்பிக்கும்போது மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம் கேட்கப்படுவது வழக்கம். அந்தக் கடிதத்தில் முதலில் கையெழுத்திட அழைக்கப்படுபவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்மக்கள். விண்ணப்பிக்கும் பாத்தியதை தங்களுக்கும் உண்டென்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோர் அதிகம் பேர் இல்லை.