புதுக்கோட்டை மிதிவண்டி இயக்கம்: போவன்பள்ளியிலிருந்து ஒரு மறுவாசிப்பு

தூய்மையான போக்குவரத்தை வலியுறுத்தும் இளைஞர் தன்னார்வ மன்றங்களை நகரந்தோறும் அமைக்க வேண்டும் என்ற கருத்து இன்று பரவலாக முன்வைக்கப்படுகிறது. இதற்கு முன்மாதிரி தேடுவோர் பெரும்பாலும் ஆம்ஸ்டர்டாமையே சுட்டுகின்றனர். 1965இல் அந்நகரின் 'புரோவோ' இளைஞர்கள் வெள்ளை வண்ணம் பூசிய மிதிவண்டிகளைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட்ட நிகழ்வு நாம் அறிந்ததே. ஆயினும் நமக்கு மிக அருகில், தமிழ் மண்ணிலேயே நிகழ்ந்த ஒரு முன்னோடி முயற்சி இவ்விவாதங்களில் இடம்பெறுவதே இல்லை. 1991-92ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத் தொண்டர்கள் முன்னெடுத்த மிதிவண்டிப் பயிற்சியையே குறிப்பிடுகிறேன்.

1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாகவே 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் வேர்கொண்டது. ஊதியம் பெறாத இளைஞர்களும் இளம்பெண்களும் மாலை வேளைகளில் ஊர்தோறும் சென்று எழுத்தறிவித்தனர். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், மிதிவண்டி ஓட்டுதலையும் இவ்வியக்கத்தின் ஒரு கூறாக்கினார்.

இம்முடிவின் பின்னணி எளியது. பேருந்துக்காகக் காத்திருப்பது, இல்லையேல் தந்தையோ கணவரோ அழைத்துச் செல்லும்வரை பொறுத்திருப்பது என்பதே கிராமப்புறப் பெண்ணின் பயண நிலையாக இருந்தது. பிறரை எதிர்பாராமல் வெளியே செல்ல இயலாத ஒருவருக்கு எழுத்தறிவு மட்டும் எவ்வளவு பயன் தரும்? எனவே முதலில் பெண் தொண்டர்கள் மிதிவண்டி பழகினர். பின்னர் அவர்கள் பிறருக்குக் கற்பித்தனர். வண்டி வாங்குவதற்குக் கடன் வழங்குமாறு வங்கிகளை ஆட்சியர் வலியுறுத்தினார். முத்து பாஸ்கரன் எழுதிய மிதிவண்டிப் பாடல் ஊர்களில் ஒலித்தது. 1992ஆம் ஆண்டு மகளிர் நாளன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் மிதிவண்டிப் பேரணி சென்றனர். மாவட்டத்தில் மிதிவண்டி பழகிய ஊரகப் பெண்களின் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். ஏளனப் பேச்சுகளும் இருந்தன. ஆயினும் வேளாண் கூலிகளும் கல்குவாரித் தொழிலாளிகளும் பழகுவதை நிறுத்தவில்லை. பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்களுக்கான வண்டியையே வாங்கினர். முன்கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பது அதில் அவர்கள் கண்ட கூடுதல் வசதி.

அன்று எவரும் இதனைத் 'தூய்மையான போக்குவரத்து' என்று அழைக்கவில்லை. அவ்வியக்கத்தின் வலிமையே இதில்தான் இருந்தது என்பது என் கருத்து. புகையைக் குறைக்குமாறு அது மக்களுக்கு அறிவுரை கூறவில்லை. இவர் எங்கே செல்ல விரும்புகிறார், அவரைத் தடுப்பது எது என்று வினவியது. தடை திறனின்மை எனில் பயிற்சி. பணமின்மை எனில் கடன். கூச்சம் எனில் கூட்டமாகச் செல்லுதல். ஒவ்வொரு தடைக்கும் தனித்தனி விடை இருந்தது. தொண்டர்களும் வெளியிலிருந்து வந்து போனவர்கள் அல்லர், அந்தந்த ஊராரே. அவர்களுடைய உழைப்புக்குப் பக்கபலமாக, முடிவெடுக்கும் அதிகாரம் கொண்ட ஓர் அலுவலகம் நின்றது.

இந்த அளவுகோலைக் கொண்டு ஐதராபாத்தின் போவன்பள்ளியை நோக்குவோம். செகந்திராபாத் கன்டோன்மென்டை ஒட்டிய இப்பகுதி பெரிய காய்கறிச் சந்தையாலும் தேசிய நெடுஞ்சாலையாலும் அறியப்படுவது. சந்தைக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் 2021இல் நாடு முழுவதும் பேசப்பட்டது. ஆனால் அச்சந்தைக்கு வந்து செல்லும் சுமைத் தொழிலாளியின் பயணம் அவ்வாறு பேசப்படவில்லை. புதுக்கோட்டையில் ஓர் ஆட்சியர் பல துறைகளை ஒருங்கிணைக்க முடிந்தது. இங்கோ கன்டோன்மென்ட் வாரியம், மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறை, பேருந்துக் கழகம், மெட்ரோ நிறுவனம் எனப் பொறுப்பு சிதறிக் கிடக்கிறது. 1932இல் நிஜாம் அரசு 27 பேருந்துகளுடன் பொதுப் போக்குவரத்தைத் தொடங்கியபோது, இருப்புப்பாதையும் பேருந்தும் ஒரே நிருவாகத்தின் கீழ் இருந்தன என்பதை இங்கு நினைவுகூர்வது பொருத்தம்.

ஆகவே இங்கு அமையக்கூடிய இளைஞர் மன்றத்தின் முதற்பணி விழிப்புணர்வு ஊர்வலமாக இருக்க வேண்டியதில்லை. யார் எப்போது எங்கே செல்கின்றனர், சாலையைக் கடக்க எவ்வளவு நேரம் காத்திருக்கின்றனர், எந்தத் தடை எந்த அலுவலகத்தின் பொறுப்பு என்று கணக்கெடுப்பதே அப்பணி. பாரடைஸ் சந்திப்பிலிருந்து டெய்ரி ஃபார்ம் சாலை வரையிலான மேம்பாலத் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்ட நிலையில், பாலத்துக்குக் கீழே நடந்து செல்வோரின் கணக்கை யாரேனும் எழுதியாக வேண்டும்.

இறுதியாக, ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1991இல் இருபது வயதில் தொண்டாற்றியவர்கள் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். அவர்களது குறிப்பேடுகளும் பயிற்சிப் பட்டியல்களும் நினைவுகளும் இன்னும் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன. இவற்றை வாய்மொழி வரலாறாகத் திரட்ட விழைவோர் எனக்கு எழுதுங்கள், இணைந்து செய்வோம்.