மூளை நெகிழ்திறன்

பயிற்சி, அனுபவம், காயம் ஆகியவற்றுக்கு ஏற்ப மூளை தன் நரம்பிணைப்புகளை மாற்றிக்கொள்ளும் இயல்பு. வளர்ந்தவர்களிடம் இது அநேகமாக இல்லை என்றே 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் கருதப்பட்டது.

அக்கருத்துக்கு வலுச் சேர்த்தவர் ஸ்பெயின் நாட்டு ரமோன் இ காகல் (நோபல் 1906). மனப்பயிற்சியால் நரம்பணுக்களின் கிளைகள் பெருகக்கூடும் என்று 1894இல் லண்டனில் உரையாற்றியவரும் அவரே. சுமார் 20 ஆண்டுகளுக்குப் பின், வளர்ந்த மூளையின் நரம்புப் பாதைகள் மாறாதவை என எழுதினார். பின்வந்தோர் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு நரம்பணு மற்றொன்றைத் திரும்பத் திரும்பத் தூண்டினால் அவற்றின் இணைப்பு வலுப்பெறும் என்றார் கனடாவின் டொனால்டு ஹெப் (1949). அனுபவத்தின் விளைவையும் அவர் கண்டார்: அவர் வீட்டில் பிள்ளைகளோடு வளர்ந்த எலிகள், கூண்டிலேயே கிடந்தவற்றைவிடப் புதிர்ப்பாதைகளை நன்றாகக் கற்றன.

1960களில் அமெரிக்காவின் ஜோசப் ஆல்ட்மன், டி.என்.ஏ.வின் ஒரு கூறான தைமிடினைக் கதிரியக்கக் குறியிட்டுச் செலுத்தி, வளர்ந்த எலிமூளையிலும் புது நரம்பணுக்கள் பிறப்பதைக் காட்டினார். பிரியும் அணுக்கள் அதை உள்வாங்கும் என்பதே உத்தி. முறையில் பெரிய பிழை இல்லை, நம்பத்தான் ஆளில்லை. 1980களில் ஃபெர்னாண்டோ நோட்டபோம் கேனரிப் பறவைகளிடம் அதையே கண்டபிறகுதான் பேச்சு மீண்டும் எழுந்தது. மனித மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகேம்பஸில் புது அணுக்கள் பிறக்கின்றன என்று 1998இல் ஓர் ஆய்வு அறிவித்தது. 2018இல் வெளியான இரு ஆய்வுகளோ ஒன்றையொன்று மறுத்தன. வழக்கு இன்னும் தீரவில்லை.

புது அணுக்கள் பிறக்காவிட்டாலும் இருப்பவை வேலையை மாற்றிக்கொள்ளும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் கலிஃபோர்னியாவில், கையிழந்தவரின் கன்னத்தைத் தொட்டார். இல்லாத கையின் விரல்களைத் தொட்டதாகக் கையிழந்தவர் உணர்ந்தார். மூளையின் உடல்வரைபடத்தில் கைக்கு அடுத்த வீடு முகம். காலியான இடத்தை முகம் பிடித்துக்கொண்டது என்பது ராமச்சந்திரனின் விளக்கம்.

லண்டனில் டாக்ஸி ஓட்டுநர் ஆவதற்கு, நகரின் நடுவிலுள்ள சேரிங் கிராஸைச் சுற்றியுள்ள சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அவர்களது ஹிப்போகேம்பஸின் பின்பகுதி பெரிதாக இருப்பதை எலினர் மக்வயர் 2000இல் கண்டார். பிறவியிலேயே அப்படியிருந்தவர்கள்தான் ஓட்டுநரானார்களோ என்ற ஐயம் நியாயமானது. அதைத் தீர்க்க, பயிற்சிக்கு வந்த 79 பேரின் மூளையைப் பயிற்சிக்கு முன்பே படமெடுத்தார்கள். அப்போது அவர்களிடையே வேறுபாடு இல்லை. சில ஆண்டுகளில் 39 பேர் தேறினர். தேறியவர்களிடம் மட்டுமே அப்பகுதி வளர்ந்திருந்தது (2011). ஆனால் சிக்கலான உருவமொன்றைப் பார்த்துவிட்டுப் பின்னர் நினைவிலிருந்து வரையும் சோதனையில் அதே ஆட்கள் பின்தங்கினர்.