ராபிள்ஸ் ஹோட்டல்: கதையும் வரலாறும்

சிங்கப்பூரில் ராபிள்ஸ் பெயரைத் தாங்கி நிற்பவை பல. அவற்றுள் உலகெங்கும் பெயர் பரவியது பீச் ரோட்டில் உள்ள ஹோட்டலே. ஆயினும் ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் அதைக் கண்டவரல்லர். அவர் மறைந்தது 1826இல். ஹோட்டல் திறக்கப்பட்டது 1887 டிசம்பர் முதல் நாளில். பெயர்தான் ஆங்கிலேயருடையது. அதைச் சூட்டியவர்கள் பாரசீகத்து இஸ்பகானிலிருந்து வந்த அர்மீனியர்கள். நிலமோ அல்சகாப் என்னும் அரபு வணிகர் குடும்பத்தினுடையது.

சார்க்கீஸ் சகோதரர்கள் நால்வர்: மார்ட்டின், டிக்ரான், அவியெட், அர்ஷாக். பினாங்கின் ஈஸ்டர்ன் அண்டு ஓரியண்டல் ஹோட்டலும், 1901இல் தோன்றிய ரங்கூன் ஸ்டிராண்டு ஹோட்டலும் இவர்கள் நிறுவியவையே. சிங்கப்பூரில் முன்னின்றவர் டிக்ரான். அவர் தொடங்கியபோது இருந்தது கடலை நோக்கிய பத்து அறைப் பங்களா ஒன்றே. முன்னர் அதில் டாக்டர் எமர்சன் என்பவர் தங்கும் விடுதி நடத்தினார். அவர் மறைந்தபின் சில காலம் அது ராபிள்ஸ் கல்விக்கூடத்து மாணவர் விடுதியாயிற்று.

ஹோட்டலுக்கு முதற்புகழ் தேடித் தந்தவர் 1889இல் வந்த எழுத்தாளர் ருட்யார்டு கிப்ளிங். அவர் எழுதியதன் கருத்து இது: ராபிள்ஸில் உணவு நன்று, அறைகள் நன்றல்ல, ஆகவே உணவை அங்கே உண்டு, உறங்குவதற்கு வேறொரு ஹோட்டலுக்குச் செல்க. பின்னர் விளம்பரங்களில் உணவைப் பற்றிய பகுதி மட்டுமே இடம்பெற்றது. உறக்கத்தைப் பற்றியது உதிர்ந்துவிட்டது! மேற்கோளை முழுதும் படிக்க வேண்டும் என்று மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியர்க்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. எனினும் டிக்ரானைப் பழிப்பதற்கில்லை. 1890இல் இரண்டு மாடிக் கட்டடங்கள் இரண்டு எழுந்தன. 1894இல் மற்றொரு பகுதி சேர்ந்தது. பழைய பங்களா இருந்த இடத்தில் 1899இல் இன்றைய முகப்புக் கட்டடம் நிறைவெய்தியது. அதை வரைந்தவர் சுவான் அண்டு மெக்லாரன் நிறுவனத்துப் பிட்வெல். பங்கா இழுத்துக் காற்று வாங்கிய அக்காலத்தில் அங்கே மின்விளக்கும் மின்விசிறியும் இயங்கின. குறையை வெளியில் மறைத்தவர், உள்ளே அதைக் களைந்தும் விட்டார்.

புலிக் கதையும் இத்தகையதே. சிங்கப்பூரின் கடைசிப் புலி, ராபிள்ஸ் ஹோட்டலில் பிலியர்ட்ஸ் மேசைக்கடியில் சுடப்பட்டது என்று சுவைபடச் சொல்வார்கள். நடந்தது 1902இல். புலி காட்டிலிருந்து வந்ததன்று. அருகில் நடந்த விலங்குக் காட்சியிலிருந்து தப்பியது. அது பதுங்கியது மேசைக்கடியில் அன்று. தூண்களின்மேல் உயர்த்திக் கட்டப்பட்டிருந்த பிலியர்ட்ஸ் மண்டபத்தின் தரைக்கடியில். கடைசிப் புலியும் அன்று. 1930இல்கூடச் சுவா சூ காங் வட்டாரத்தில் ஒரு புலி சுடப்பட்டது. ஆனால் கதையில் பலரும் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. துப்பாக்கியுடன் வந்து அப்புலியைச் சுட்டவர், ராபிள்ஸ் கல்விக்கூடத்துத் தலைமையாசிரியர் பிலிப்ஸ்! ஆசிரியர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

பின்னர் இறங்குமுகம். உலகப் பொருளாதார மந்தத்தில், அர்ஷாக் மறைந்த 1931இல், சார்க்கீஸ் நிறுவனம் நொடித்தது. 1933இல் புதிய கம்பெனி ஒன்று ஹோட்டலை ஏற்றது. 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்ததும் ஜப்பானியர் இதற்குச் ஷோனான் ரியோகான் எனப் பெயர் மாற்றினர். 1945இல் போர் முடிந்தபின் விடுதலை பெற்ற போர்க்கைதிகள் இங்குத் தங்க வைக்கப்பட்டனர். 1987இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1989இல் மூடிச் செப்பனிட்டு 1991இல் திறந்தனர். 2019இல் மற்றொரு புதுப்பிப்பும் நிறைவுற்றது. இதற்கிடையே கடலைத் தூர்த்து நிலமாக்கியதால், அலைகள் ஹோட்டல் வாயிலைவிட்டு வெகுதூரம் விலகிவிட்டன. சாலைக்கு மட்டும் இன்னும் கடற்கரை என்றே பெயர்.

தங்கியவர்களின் பெயர்ப்பட்டியல் நீண்டது: சாமர்செட் மாம், சார்லி சாப்ளின் என்று போகும். சமைத்தவர், பரிமாறியவர், அறை துடைத்தவர் ஆகியோரின் பெயர்கள் அப்படிப் பரவவில்லை. விதிவிலக்காக நிலைத்தவர் ஞியாம் தோங் பூன் என்னும் ஹைனான் சீனர். மதுக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1915ஆம் ஆண்டையொட்டிப் பழச்சாறும் ஜின்னும் கலந்து, பார்வைக்கு வெறும் பழரசம்போலத் தோன்றும் சிங்கப்பூர் ஸ்லிங் என்னும் பானத்தை ஆக்கினார்.